மகரக்கட்டுக்கு முன்னும் பின்னும்

வள்ளி திருமணம் நாடகம் பார்க்கப் போகிறவர்கள் முருகனுக்காகப் போவதில்லை, தர்க்கத்துக்காகப் போகிறார்கள். பபூனும் டான்ஸும் முடிந்து, நடுநிசி தாண்டி, நாரதர் தினைப்புனத்துக்கு வந்து வள்ளியிடம் வாய்கொடுப்பார். பாய் விரித்துப் படுத்திருந்தவர்களும் எழுந்து உட்காருவார்கள். ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. வேறு வேறு ஊர்க்காரர்கள், அன்று சாயங்காலம்தான் முகம் பார்த்திருப்பார்கள். ஆனாலும் ஒருவர் விருத்தத்தை விட்ட இடத்தில் மற்றவர் பிடிக்கிறார். இருவருக்கும் பாடம் ஒன்று. எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள்.

தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர். உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்து, 24 வயதில் நாடகத்துக்கு வந்தார். பாடத்தை மதிக்காமல் மேடையில் இஷ்டத்துக்குப் பேசும் பெரிய நடிகர்களிடம் சலித்துப் பையன்களைச் சேர்த்தார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற பாய்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். அங்கே வந்து சேர்ந்த டி.கே. சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. அவருக்காகவே ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் சுவாமிகள் எழுதி முடித்தார் என்று நாடகக்காரர்கள் இன்றும் சொல்லி மகிழ்வார்கள்.

சுவாமிகளின் வரிகளைப் பாடிப் பார்த்தால்தான் வாத்தியாரின் கைவண்ணம் தெரியும். எதுகை அடுத்த அடியை எடுத்துக்கொடுக்கும். மோனை மூச்சு வாங்கும் இடத்தைக் காட்டும். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் சொல் விழ வேண்டுமே! தூத்துக்குடி திரேஸ்புரத்தில் மூச்சடக்கிச் சங்கு குளித்த காலத்தில், பையன் பெரியவர்களோடு வள்ளத்தில் போய்த்தான் தொழில் பழகினான். பாய்ஸ் கம்பெனியும் அப்படித்தான்: முதலில் கேள்வி, பிறகு கோரஸ், பிறகு வேஷம்.

சுகமான வாழ்க்கை என்று சொல்ல முடியாது. வீட்டைப் பிரிந்த பிள்ளைகள், அடியும் உண்டு. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் நேற்றைய ஸ்திரீபார்ட்டுக்கு இன்று வேஷமில்லை. ஆனால் குரல் போனாலும் பாடம் போகாது. அதை வைத்துக்கொண்டு ராஜபார்ட் ஆனவர்கள் உண்டு, வாத்தியார் ஆனவர்கள் உண்டு. சண்முகமும் அவர் சகோதரர்களும் 1925இல் சொந்த சபையே கண்டார்கள். பாடக நடிகர் கிட்டப்பாவும் சுவாமிகளிடம் பாடம் கேட்டவர். பி.யு. சின்னப்பா, எம்.ஜி.ஆர்., சிவாஜி என்று சினிமா பெற்றதெல்லாம் பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகளைத்தான்.

இன்று பள்ளி ஆண்டு விழாவில் ஒரு பிள்ளை பத்து நிமிஷம் ஆடிக் கைதட்டல் வாங்கி இறங்குகிறது. அடுத்த மேடைக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். கம்பெனிப் பையன் சனிக்கிழமை வரி தவறினால் ஞாயிற்றுக்கிழமை அதே வேஷத்தில் சரிசெய்துகொள்வான். குளிரூட்டிய அரங்கம் கட்டுவதற்கு முன், ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வாத்தியாரையும் அந்த மறுநாள் ராத்திரியையும் கொடுக்க வழியுண்டா என்று பார்க்க வேண்டும்.