உடனிருந்தவன்

பக்கத்து வீட்டு அக்காவின் மகளுக்குத் தலைப்பிரசவம். இரண்டு நாள் வலி எடுத்து, மூன்றாம் நாள் விடியற்காலையில் பெண் குழந்தை பிறந்தது. பேத்தியைப் பார்த்துவிட்டு வந்த அக்கா, அன்று மாலை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்: "அவ கத்துன கத்து காதுலயே நிக்குது கண்ணு. என்ன பண்றது, ஏவாள் பண்ணுன தப்பு. பொட்டப் பொறப்புன்னா தாங்கித்தான் ஆவணும்."

அவர் குரலில் குறை சொல்லும் தொனி இல்லை. மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது என்பதுபோலச் சொன்னார். மருமகன் மருத்துவமனைக்கு வந்தாரா என்று கேட்டேன். "தறி ஓடுதே, அவரு எப்பிடி வருவாரு" என்றார்.

ஜலகண்டாபுரத்தில் எங்கள் தெருவில் விசைத்தறிச் சத்தம் ஓய்வதில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவே அக்கா சொன்ன சொல் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள் அல்ல. தமிழ் படித்தவள். ஒரு பாட்டில் ஒரு சொல் இருக்கிறதா, விட்டுப்போயிருக்கிறதா என்று பாட வேறுபாடு பார்ப்பதுதான் என் படிப்பு எனக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம். அந்தப் பழக்கத்தோடு விலக்கப்பட்ட கனியின் கதையை மறுபடி வாசித்தேன்.

கதை மூன்றாம் அதிகாரத்தில் நடக்கிறது. சீர்திருத்தத் திருச்சபையினர் ஆதியாகமம் என்றும் கத்தோலிக்கர் தொடக்கநூல் என்றும் வழங்கும் நூல். ஏதேன் தோட்டத்தின் நடுவில் நன்மை தீமை அறியும் மரம். அதன் கனியை உண்ணக் கூடாது என்பது கடவுளின் கட்டளை. பாம்பு பெண்ணிடம் பேசுகிறது. அவள் பறித்து உண்கிறாள், கணவனுக்கும் கொடுக்கிறாள், அவனும் உண்கிறான். இருவருக்கும் கண் திறக்கிறது, தாம் நிர்வாணமாக இருப்பது தெரிகிறது. விசாரணை நடக்கிறது. இருவரும் தோட்டத்திலிருந்து வெளியேற்றப்படுகிறார்கள்.

நமக்குத் தெரிந்த கதையில் இருப்பவை பல இந்த அதிகாரத்தில் இல்லை. ஆப்பிள் இல்லை, கனி என்று மட்டுமே இருக்கிறது. யூத மரபில் அதை அத்தி என்றும் திராட்சை என்றும் கோதுமை என்றும்கூடச் சொன்னவர்கள் உண்டு. சாத்தான் என்ற பெயர் இல்லை. பாம்பு பாம்பாகவே இருக்கிறது. பாவம் என்ற சொல்லும் இல்லை. அது முதன்முதலில் வருவது அடுத்த அதிகாரத்தில், காயீன் தன் தம்பியைக் கொல்வதற்குச் சற்று முன்னால். சபிக்கப்பட்டவை என்று சொல்லப்படுபவை இரண்டு: பாம்பு, நிலம். பெண்ணைப் பார்த்தோ ஆணைப் பார்த்தோ அந்தச் சொல் சொல்லப்படவில்லை. "ஏவாளின் சாபம்" என்று நாம் வழங்குவது மூலத்தில் இல்லாத தொடர். அவள் பெயர்கூட அப்போது ஏவாள் அல்ல. தண்டனைகள் அறிவிக்கப்பட்ட பிறகுதான் கணவன் அவளுக்கு அந்தப் பெயரை வைக்கிறான். எபிரேய வேதத்தில் நான்காம் அதிகாரத்துக்கு அப்பால் அந்தப் பெயர் வருவதும் இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உண்ணாதே என்ற கட்டளை இரண்டாம் அதிகாரத்தில் ஆணிடம் மட்டும், ஒருமையில் சொல்லப்படுகிறது. அப்போது பெண் உருவாக்கப்படவே இல்லை. அவள் அறிந்த சட்டம் கேள்விச் சட்டம். ஆனாலும் பாம்போடு வாதாடுபவள் அவள்தான். மரத்தைப் பார்த்து, உண்ண நல்லது, கண்ணுக்கு இனியது, அறிவு தரக்கூடியது என்று மூன்று காரணங்களை எண்ணிப் பார்ப்பவளும் அவள்தான். ஆண் ஏன் உண்டான் என்பதற்கு ஒரு காரணமும் தரப்படவில்லை. கொடுத்தாள், உண்டான், அவ்வளவுதான்.

கொடுக்கும்போது அவன் எங்கே இருந்தான்? ஞாயிறு பள்ளிப் படங்களில் பெண்ணும் பாம்பும் மரத்தடியில் தனியே இருப்பார்கள். பிறகு அவள் கனியை எடுத்துக்கொண்டு கணவனைத் தேடிப் போவாள். ஆனால் எபிரேய மூலத்தில் மூன்றாம் அதிகாரம் ஆறாம் வசனத்தில் "இம்மா" என்று ஒரு சிறு சொல் இருக்கிறது. அவளோடு என்று பொருள். தன்னோடு இருந்த கணவனுக்குக் கொடுத்தாள் என்பதே மூலம்.

தமிழில் இரண்டு வேதாகமங்களை அருகருகே வைத்தேன். ஒன்று, சீர்திருத்தத் திருச்சபை வீடுகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு. 1871இல் ஹென்றி பவர் குழுவினர் முடித்ததன் வழிவந்தது. அதில் பெண் தன் புருஷனுக்குக் கொடுக்கிறாள். அவன் உடனிருந்தான் என்பதற்கான சொல் இல்லை. மற்றொன்று 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு, திருவிவிலியம். அதில் "தன்னுடனிருந்த" என்ற சொல் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பெண்கள் மனப்பாடம் செய்த வசனத்தில் அந்த ஒரு சொல் இல்லை.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. நான்காம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி ஜெரோம் இலத்தீனில் மொழிபெயர்த்தபோதே அந்தச் சொல் விடுபட்டது. மேற்கு ஐரோப்பா ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அந்த இலத்தீன் வழியாகவே கதையைக் கேட்டது. ஆங்கிலத்தில் 1611ஆம் ஆண்டின் ஜேம்ஸ் மன்னர் பதிப்பில் சொல் இருக்கிறது. 1952ஆம் ஆண்டின் திருத்திய பதிப்பில் இல்லை. 1989இல் அதைப் புதுப்பித்தபோது திரும்ப வந்தது. ஜூலி ஃபெய்த் பார்க்கர் என்ற விவிலிய ஆய்வாளர் 2013இல் இந்த விடுபடலைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதினார்.

விட்டவர்கள் எல்லாரும் சதி செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். மிகைச்சொல் என்று நினைத்தும் விட்டிருக்கலாம். உண்ணும் நேரத்தில் உடனிருந்தான் என்பதாலேயே பாம்பு பேசியபோதும் இருந்தான் என்று ஆகிவிடாது என்பாரும் உண்டு. அந்த மறுப்பை மதிக்கிறேன். ஆனால் பாம்பு பன்மையில் பேசுகிறது. அவளும் "நாங்கள்" என்று பன்மையில் பதில் சொல்கிறாள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் இந்தப் பன்மை அப்படியே இருக்கிறது. பாம்பு சொல்லும் "நீங்கள்" என்பதை நம் காது மரியாதைப் பன்மையாகக் கேட்டுக் கடந்துவிடலாம். அவள் சொல்லும் "நாங்கள்" என்பதை அப்படிக் கடக்க முடியாது. தனியாக நிற்கிறவள் நாங்கள் என்று சொல்லக் காரணம் வேண்டும்.

அவன் அருகில் இருந்தான் என்று வாசித்தால் கதை மாறுகிறது. மயக்கி அழைத்துச் சென்றவள் என்று யாரும் இல்லை. கட்டளையை நேரில் கேட்டவன் வாய் திறக்காமல் நின்றான். கொடுத்ததை வாங்கி உண்டான். விசாரணை வந்தபோது, நீ தந்த பெண்தான் கொடுத்தாள் என்று அவளையும் கடவுளையும் சேர்த்துக் குற்றம் சொன்னான்.

விளைவுகளைப் பற்றிய பகுதியிலும் இதே கதைதான். பிள்ளைப்பேற்றில் பெண்ணுக்கும் நிலத்தில் ஆணுக்கும் நேரும் துன்பத்துக்கு எபிரேயத்தில் ஒரே சொல்: "இட்சாவோன்". கடும்பாடு, நோவு என்று சொல்லலாம். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு பெண்ணுக்கு அதை "வேதனை" என்கிறது, ஆணுக்கு "வருத்தம்" என்கிறது. ஒரே நோவு இரண்டாகப் பிரிந்து, ஒன்று உடம்புக்கும் மற்றது உழைப்புக்கும் போய்விட்டது.

அந்தப் பிரிவினையை உலகமும் கடைப்பிடித்தது. நிலம் முள்ளையும் குருக்கையும் முளைப்பிக்கும் என்பது ஆணுக்குச் சொல்லப்பட்டது. அதற்காக யாரும் களை எடுப்பதை நிறுத்தவில்லை. டிராக்டர் வந்தபோது கடவுளின் தீர்ப்பை மீறுகிறது என்று எதிர்க்கவில்லை. ஆனால் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் 1847இல் பிரசவ வலிக்குக் குளோரோபார்ம் கொடுத்தபோது, மத வழியாக வரும் மறுப்புகளுக்குப் பதிலாக ஒரு சிறுநூலே எழுத வேண்டியிருந்தது. விலா எலும்பை எடுக்கும் முன் கடவுளே ஆதாமை ஆழ்ந்து உறங்கவைத்தாரே என்று அவர் வாதாடினார். 1853இல் விக்டோரியா அரசி தன் எட்டாவது பிரசவத்தில் குளோரோபார்ம் எடுத்துக்கொண்ட பிறகு அது பரவலாக ஏற்கப்பட்டது.

கணவன் மனைவியை ஆள்வான் என்ற வாக்கியமும் அந்தத் தொடரில்தான் வருகிறது. முள், வியர்வை, நோவு என்று கெட்டுப்போன உலகத்தின் நிலையைச் சொல்லும் பட்டியல் அது. பட்டியலில் உள்ள மற்ற எல்லாவற்றையும் நீக்கப் பாடுபடுகிறோம். கணவனின் ஆட்சியை மட்டும் கட்டளையாக எடுத்துக்கொள்கிறோம். அமெரிக்க விவிலிய அறிஞர் பிலிஸ் ட்ரிபிள் 1970களிலேயே இதைச் சுட்டினார்: இது படைப்பின் ஒழுங்கு அல்ல, ஒழுங்கு குலைந்ததன் அடையாளம்.

கிறிஸ்தவக் கோட்பாடும் ஒரே குரலில் பேசவில்லை. உரோமையருக்கு எழுதிய கடிதத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், பாவம் ஒரே மனிதனால் உலகில் நுழைந்தது என்று பவுல் ஆதாமைச் சொல்கிறார். ஏவாள் அங்கே இல்லை. பவுலின் பெயரில் வழங்கும் தீமோத்தேயு முதல் கடிதம் ஏமாந்தவள் பெண் என்று சொல்லி, அதையே அவள் கற்பிக்கக் கூடாது என்பதற்கும் காரணமாக்குகிறது. அந்தப் பாவம் பிறப்பின் வழியே எல்லாருக்கும் வருகிறது என்ற ஜென்மப் பாவக் கோட்பாட்டை வலுவாக அமைத்தவர் அகுஸ்தீன் (354–430). கிழக்கத்திய மரபுவழித் திருச்சபைகள், பரம்பரையாக வருவது சாவு, குற்றம் அல்ல என்கின்றன. யூதர்களிடம் இந்தக் கோட்பாடே இல்லை. ஒரே அதிகாரத்தை வாசித்தவர்கள் இத்தனை வேறு முடிவுகளுக்கு வந்திருக்கும்போது, அக்காவின் மகளிடம் வந்து சேர்ந்தது மட்டும் ஏன் அந்த ஒரு முடிவு?

நம் மரபில் இவளுக்கு அருகில் நிற்பவள் அகலிகை. மில்டனின் காவியப் பகுதியைச் 'சுவர்க்க நீக்கம்' என்று தமிழாக்கிய வெள்ளக்கால் ப. சுப்பிரமணிய முதலியாரே 'அகலிகை வெண்பா'வும் பாடினார். புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'சாபவிமோசன'த்தில், சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் இராமன் என்று கேட்டதும் அகலிகை மறுபடி கல்லாகிறாள். ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதியா என்று கேட்க அந்தக் கதை நம்மைப் பழக்கியது. அதே கேள்வியோடு ஏதேனுக்குள்ளும் போக வேண்டும்.

எங்கள் ஊரில் அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. அக்கா நாற்பது வருடமாகத் தார் சுற்றுகிறார். இழை அறுந்தால் முடிகிறார். கணவர் தறியில் நின்ற காலமெல்லாம் பக்கத்தில் இருந்தவர். வாரக் கூலிக் கணக்கில் எழுதப்பட்டது தறி ஓட்டியவர் பெயர் மட்டுமே. கேட்டால், "அவ கூட மாட இருப்பா" என்பார்கள். கூலிக் கணக்கில் உடனிருந்த பெண் விடுபடுகிறாள். பாவக் கணக்கில் உடனிருந்த ஆண் விடுபடுகிறான். இரண்டு இடத்திலும் விடுபடுவது ஒரு சிறு சொல்தான்.

பேத்திக்கு மூன்று மாதம் ஆனபோது அக்காவிடம் இரண்டு வேதாகமங்களையும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன்னுடையதை வாசித்தார். பிறகு மற்றதை, விரல் வைத்து, எழுத்துக் கூட்டுவதுபோல மெல்ல வாசித்தார்.

"அப்ப அந்தாளு பக்கத்துலயேவா நின்னுட்டிருந்தான்?"

"அப்படித்தான் இருக்குதுக்கா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தச் சொல்லைப் பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். சட்டென்று புத்தகத்தை மூடினார். "வேதத்துல ஒரு சொல்லு கூட்டக் கூடாது கண்ணு. கொறைக்கவும் கூடாது. வேதத்துலயே அப்பிடித்தான் எழுதியிருக்குது."

பிறகு மூடிய புத்தகத்தின் மேல் கையை வைத்தபடியே கேட்டார்: "அப்ப இதைக் கொறைச்சது யாரு?"