எதிர்த்திசைப் பறவையும் புகைப்படத் திருத்தமும்

புகைப்படத்தை நாம் அட்டைக்கு அலங்காரமாக வைக்கிறோம். விமர்சனத்துக்குரிய ஒரு பிரதியாக அதை அபூர்வமாகவே வாசிக்கிறோம். கவிதையொன்றில் ஒரு சொல் மாறி அச்சானால் பத்திராதிபருக்குக் கடிதம் எழுதும் நாம், ஒரு படத்தில் வானத்தையே மாற்றி வைத்தாலும் "நல்ல படம்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். திருத்தம் எதுவரைக்கும் திருத்தம், எங்கே அது வேறொன்றாகிவிடுகிறது என்ற கேள்வியை, பறக்கும் பறவைகளின் படங்களை முன்வைத்து இங்கு எழுப்ப விரும்புகிறேன்.

இக்கலையின் ஆரம்பத்தில் நிற்பவர் ஓர் உடலியல் விஞ்ஞானி. பிரான்ஸைச் சேர்ந்த எட்டியன் ஜூல்ஸ் மாரே, 1882இல் துப்பாக்கி வடிவிலான கமராவொன்றை உருவாக்கினார். அது செக்கனுக்கு 12 படங்கள் எடுத்தது. ஒவ்வொன்றுக்கும் ஒளி பட்ட நேரம் செக்கனின் 720இல் ஒரு பங்கு. குறிபார்த்து விசையை அழுத்தினால் பறவை வீழவில்லை; தட்டில் பதிந்தது. பின்னர் ஒரே தட்டில் பறப்பின் பல நிலைகளை அடுத்தடுத்துப் பதித்தார். 1890இல் பறவைகளின் பறப்புப் பற்றித் தனி நூலொன்றையும் வெளியிட்டார். மனிதக் கண்ணுக்கு எட்டாத இறக்கையசைவு அப்போதுதான் துலங்கியது. ஆக, கண்ணால் காணமுடியாததைக் காட்டும் முயற்சியாகவே இக்கலை பிறந்தது. "கமராவில் விழுந்தபடியே இருப்பதுதான் உண்மை" என வாதிடுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

இன்று செக்கனுக்கு 20, 30 படங்கள் எடுக்கும் கமராக்கள் உள்ளன. ஷட்டர் வேகத்தை 1/2000 செக்கனுக்கு வைத்தால் பெரும்பாலான பறவைகளின் இறக்கை நுனி உறைந்து நிற்கும். ஆயினும் பிரகாசமான வானத்தை அளந்து கமரா படத்தை இருட்டாக்கிவிடுவதால், பறவை வெறும் கரிய நிழலாகிப் போவதுண்டு. வெண்கொக்கு கடும் வெயிலில், இருண்ட மரங்களுக்கு முன்னால் பறந்தால் நிலைமை தலைகீழ். இறகின் கோடுகள் வெள்ளையில் கரைந்துவிடும். எனவே படத்தை ரோ கோப்பாக எடுத்து, கணினியில் இறக்கையின் அடிப்புற நிழலைச் சற்றே வெளிச்சமாக்குகிறார்கள், வெள்ளையைத் தணிக்கிறார்கள், மணல் தூவினாற்போன்ற புள்ளிகளைக் குறைக்கிறார்கள், பறவையின் முன்னால் வெளி இருக்குமாறு ஓரங்களை வெட்டுகிறார்கள். இவற்றில் எனக்கு ஆட்சேபமில்லை. அந்த இறகு அங்கே இருந்தது; கோப்பில் மங்கலாகவேனும் பதிந்தது; அது மீட்கப்படுகிறது. முற்றாக வெளுத்துப்போன இறகின்மேல் புதிதாகக் கோடு போடுவது மீட்பல்ல, வரைதல்.

பிரச்சினை எங்கே தொடங்குகிறது என்பதற்கு அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆர்ட் வூல்ஃப் 1994இல் வெளியிட்ட 'மைக்ரேஷன்ஸ்' நூல் நல்ல உதாரணம். பறவைக் கூட்டங்களும் விலங்குக் கூட்டங்களும் பக்கம் பக்கமாக நிறையும் அந்நூலில், ஏறத்தாழ மூன்றிலொரு பங்குப் படங்கள் கணினியில் மாற்றப்பட்டவை. சில இடங்களில் உயிரினங்கள் பிரதிசெய்து சேர்க்கப்பட்டன. இயற்கைப் புகைப்பட வட்டாரங்களில் பெரும் சர்ச்சை எழுந்தது. ஆனால் வூல்ஃப் எதையும் மறைக்கவில்லை. கூட்டத்தில் ஏதாவதொன்று தவறான திசையில் போய்த் தான் தேடிய ஒழுங்கைக் குலைத்துவிடுகிறது, அதனைச் சரிசெய்யும் வசதி இப்போது வந்துவிட்டது என்று முன்னுரையிலேயே கூறியிருந்தார். இது கலை நூல் என்பதே அவரது வாதம்.

அவரைப் பொய்யர் என நான் சொல்லமாட்டேன். எனது மறுப்பு அழகியல் சார்ந்தது. "தவறான திசை" என்று தீர்மானித்தது யார்? உழவு மெஷினுக்குப் பின்னால் எழும் கொக்குக் கூட்டத்தைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: எல்லாம் மேலெழும்போது இரண்டு மூன்று திரும்பி இறங்கும். ரோம் நகரின் மேல் பறக்கும், மைனாக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் கூட்டங்களைப் படமெடுத்து ஆராய்ந்த விஞ்ஞானிகள், ஒவ்வொரு பறவையும் சராசரியாக ஆறு அல்லது ஏழு அயற்பறவைகளுக்கு ஏற்பவே அசைகிறது என 2008இல் வெளியிட்டனர். அங்கே கட்டளையிடும் தலைவன் இல்லை. விலகலும் சேரலுமே கூட்டம். விலகியதை அழித்தபின் எஞ்சுவது அணிவகுப்பு.

இதற்கு நேரெதிராக ஸ்பெயினின் ஷாவி பௌ செய்துவரும் 'ஓர்னித்தோகிராஃபீஸ்' தொடரைப் பார்க்கலாம். பறவைகள் பறப்பதைத் தொடர்ச்சியாகப் பதிவு செய்து, பல சட்டகங்களைக் கணினியில் ஒரே படமாக இணைக்கிறார். வானத்தில் கயிறு முறுக்கியதுபோன்ற, எலும்புத் தொடர் போன்ற வடிவங்கள் தோன்றுகின்றன. மாரேயின் தட்டு மீண்டும் உயிர்பெற்றது போலிருக்கிறது. கணினி வேலை என்று பார்த்தால் வூல்ஃபின் நூலைவிட இங்கேதான் அதிகம். ஆயினும் திரும்பிப் பறந்த பறவையும் தனது தடத்தை இங்கே விட்டுச் செல்கிறது. திருத்தத்தின் அளவு அளவுகோலாகாது. அது எதை வெளியேற்றியது என்பதே அளவுகோல் என்பது என் துணிபு.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் வனஜீவராசிப் புகைப்படப் போட்டி, ஒளி, நிறச் சீராக்கத்தையும் ஓரம் வெட்டுதலையும் ஏற்றுக்கொள்கிறது. சேர்ப்பதையும் நீக்குவதையும் ஏற்பதில்லை. போட்டிக்கு அது போதும். வாசகருக்கோ இன்னும் கூர்மையான கண் வேண்டும். ஏனெனில் 2020இல் போட்டோஷொப்பில் வானத்தை ஒரே சொடுக்கில் மாற்றும் வசதி வந்தது. 2023இல் இல்லாத பறவையைச் சொற்களால் கேட்டுப் பெறும் வசதியும் சேர்ந்துகொண்டது.

எழுத்திலும் இதுதான் நடக்கிறது. ஊரே ஒரு பக்கம் ஓடுகையில் மறுபக்கம் நடந்து போன கிழவியைக் "கதையின் ஒருமை கெடுகிறது" என்று வெட்டிவிடுகிறோம். அவளில்லாத கதை நேர்த்தியாக இருக்கும். ஊர் அதில் இராது.

ஆகவே சஞ்சிகைகளிடம் ஒரு சிறு வேண்டுகோள். அட்டையில் பறவையின் படத்தைப் போடும்போது, எடுத்தவர் பெயரோடு, படத்தில் எது சேர்க்கப்பட்டது, எது நீக்கப்பட்டது என ஒரு வரி சேருங்கள். ஒன்றும் இல்லையெனில் அதையும் எழுதுங்கள்.