மூன்றாவது மணி நேரம்: களைப்பின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

2019 ஏப்ரல் 7. நியூஜெர்சியில் மெட்லைஃப் மைதானம். சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்னோட்டக் காட்சியோடு தொடங்கிய முப்பத்தைந்தாவது ரெஸில்மேனியா, பதினாறு ஆட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு நள்ளிரவைத் தாண்டித்தான் முடிந்தது. ஏழு மணி நேரத்துக்கும் மேல். கடைசி ஆட்டம் பெக்கி லிஞ்ச், ரோண்டா ரௌஸி, ஷார்லட் ஃப்ளேர் என்ற மூன்று பெண்களுக்கிடையில். 1985இல் ஆரம்பித்த இந்தத் திருவிழாவின் இறுதி ஆட்டம் பெண்களுக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை. முப்பத்து நான்கு திருவிழாக்கள் ஆண்களுக்குப் போன பிறகு கிடைத்த இடம். கிடைத்தபோது கூட்டம் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

அதே இரவில், நடு ஆட்டங்களில் ஒன்றாக, கானாவில் பிறந்த கோஃபி கிங்ஸ்டன் டேனியல் பிரையனைச் சாய்த்து உலகப் பட்டத்தை வாங்கினார். ஆப்பிரிக்காவில் பிறந்த ஒருவர் அந்த நிறுவனத்தின் உச்சப் பட்டத்தைத் தொட்டது அப்போதுதான். மைதானம் கத்தித் தீர்த்தது. அந்த ஒளிப்பதிவைப் பார்க்கிற யாருக்கும் புரியும், கூட்டத்தின் மூச்சு அங்கேயே செலவாகிவிட்டது. அதற்கப்புறம் இன்னும் பல ஆட்டங்கள். பெண்கள் மேடைக்கு வந்தபோது கிடைத்தது மிச்சம் மீதி. ஒரு கறுப்பின வெற்றியும் ஒரு பெண் வெற்றியும் ஒரே கூட்டத்தின் ஒரே தொண்டைக்காகப் போட்டி போட வேண்டி வந்தது. இந்தப் போட்டியை ஏற்பாடு செய்தவர்கள் இருவருமல்லர். நேரத்தைப் பங்கு போட்டவர்கள் வேறு.

களைப்பு பற்றிப் பேசும்போது இதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. 'ரொம்ப நீளம், போரடிக்குது' என்பது ரசனைப் புகார் போலத்தான் தோன்றும். நான் அதை நேரப் பங்கீட்டைப் பற்றிய புகாராக வாசிக்கிறேன். 2015 பிப்ரவரி 23 அன்று மூன்று மணி நேர 'ரா' நிகழ்ச்சியில் நான்கு பெண்கள் மோதிய இரட்டையர் ஆட்டத்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ முப்பது விநாடி. முப்பது விநாடி! மணி அடித்தது, விழுந்தார்கள், எழுந்தார்கள், முடிந்தது. பெண்களுக்கு வாய்ப்புக் கொடு என்று ரசிகர்கள் நாள் கணக்கில் கூச்சலிட்டதற்கு அதுதான் தூண்டுதல். அப்போது நேரம் பற்றாக்குறையாக இருந்ததா? மூன்று மணி நேரத்தை எதைக் கொண்டு நிரப்புவதென்று தெரியாமல் போன வாரத்துக் காட்சியையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். நீளம் கூடினால் விளிம்பில் இருப்பவருக்கும் இடம் வரும் என்கிற தாராளவாத நம்பிக்கைக்கு இதைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

நான் இதைப் பார்க்கிறவன். ஒளிக்க ஒன்றுமில்லை. கேபிள் வந்த காலத்தில் பெட்டிக்கடையில் விற்ற சீட்டுக்கட்டில் உயரம், எடை, மார்பளவு எல்லாம் மனப்பாடம் செய்த தலைமுறை. 'அதெல்லாம் பொய்ச் சண்டைப்பா' என்று முகம் சுளிக்கிற நண்பர்களுக்கு ஒரு தகவல்: அந்த நிறுவனமே 1989இல் நியூஜெர்சி மாநில அவையில் இது போட்டியல்ல, கேளிக்கைதான் என்று ஒப்புக்கொண்டாயிற்று. விளையாட்டுக்கான வரியிலிருந்தும் கண்காணிப்பிலிருந்தும் தப்பிக்க. பொய்யை ஒப்புக்கொள்வதிலும் ஒரு லாபக் கணக்கு இருந்தது.

ரோலான் பார்த் பெயர் நம் சிறுபத்திரிகைகளில் போதும் போதும் என்கிற அளவுக்கு வந்தாயிற்று. ஆனால் 1957இல் வந்த அவருடைய 'தொன்மங்கள்' நூலின் முதல் கட்டுரையே தொழில்முறை மல்யுத்தத்தைப் பற்றியது என்பதை மறந்துவிடுகிறோம். குத்துச்சண்டை காலத்தில் வளர்கிற கதை. மல்யுத்தம் அப்படியில்லை, அதன் ஒவ்வொரு கணமும் தன்னளவில் முழுசாக வாசிக்கத் தக்கது என்பது அவர் வாதம். வலி, தோல்வி, நியாயம் மூன்றும் மிகையான சைகைகளாகக் கண்முன் நிற்கின்றன. அந்த மிகைதான் அதன் அழகு. சரிதான். ஆனால் பார்த் பார்த்தது பாரிஸின் மங்கலான கூடங்களில் நடந்த ஆட்டம். சீட்டு வாங்கினோமா, பார்த்தோமா, வீட்டுக்குப் போனோமா என்று முடிகிற ஆட்டம். அங்கே காலம் ஒரு பிரச்சினையாக எழவில்லை. ஆகவே அவர் பிரதியில் கடிகாரம் இல்லை. தொலைக்காட்சி செய்த வேலை என்னவென்றால், சைகையில் இருந்த மிகையை எடுத்து நேரத்தின்மேல் ஏற்றியது. விழுந்தவன் முகத்தில் இருந்த அதீதம் இப்போது நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது.

கடிகாரத்தின் சரித்திரம் சுருக்கமானது. 1993 ஜனவரியில் 'ரா' தொடங்கியபோது ஒரு மணி நேரம். 1997இல் இரண்டு. 2012 ஜூலையில், ஆயிரமாவது நிகழ்ச்சியிலிருந்து, மூன்று. எதிர்முகாமான டபிள்யூ.சி.டபிள்யூ.வின் 'நைட்ரோ' 1995இல் ஒரு மணி நேரமாகப் பிறந்து, 1996இல் இரண்டாகி, 1998 ஜனவரியில் மூன்றானது. அதே மாதம் 'தண்டர்' என்று இன்னொரு வார நிகழ்ச்சியும் சேர்ந்தது. அந்த வருஷம் அக்டோபர் 25 அன்று நடந்த கூத்தைச் சொல்லியாக வேண்டும். 'ஹாலோவீன் ஹேவாக்' என்ற கட்டணக் காட்சி. வளர்த்தி வளர்த்திக் கொண்டுபோனதில் வாங்கி வைத்திருந்த ஒளிபரப்பு நேரம் தீர்ந்துபோய், கோல்ட்பர்க்கும் டைமண்ட் டல்லாஸ் பேஜும் மோதிக்கொண்டிருந்த இறுதி ஆட்டத்தின்போது பல வீடுகளில் திரை அப்படியே அணைந்துவிட்டது. காசு கட்டியவனுக்கு முடிவு கிடைக்கவில்லை. மறுநாள் அந்த ஆட்டத்தை நைட்ரோவில் எல்லோருக்கும் இலவசமாகப் போட்டார்கள். 2001 மார்ச்சில் கம்பெனியே எதிரியிடம் விலைபோயிற்று. அந்த வீழ்ச்சிக்கு நூறு காரணம் உண்டு. நீளம் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் தன் நீளத்தாலேயே தன் உச்சக்கட்டத்தை விழுங்கிக்கொண்ட ஒரு பிரதி என்ற அளவில் அந்த இரவை எந்தக் கோட்பாட்டாளரும் கற்பனை செய்திருக்க முடியாது.

ஏன் நீட்டினார்கள்? மூன்றாவது மணி நேரத்தில் பார்க்கிறவர் எண்ணிக்கை வழக்கமாகச் சரிந்தது. அவர்களுக்கும் அது தெரியும். தெரிந்தும் பன்னிரண்டு வருஷம் விடவில்லை. காரணம் எளிது. கலைஞனும் ரசிகனும் தீர்மானிக்கிற நீளம் அல்ல அது, அலைவரிசைக்கு விற்ற நீளம். கூடுதல் மணி நேரம் என்றால் கூடுதல் உரிமைத் தொகை, கூடுதல் விளம்பரம். பழைய ஒப்பந்தம் தீர்ந்த கையோடு, 2024 அக்டோபரில், அதே அலைவரிசையில் 'ரா' சட்டென்று இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. கதையின் உள்தேவை ஒரே வாரத்தில் மாறிவிட்டதாக யாராவது சொல்வீர்களா?

மார்க்ஸின் 'மூலதனம்' முதல் பாகத்தில் வேலைநாள் பற்றிய அத்தியாயம் இங்கே உதவுகிறது. வேலைநாளை நீட்டி உபரியைக் கறப்பது, சாப்பாட்டு வேளையிலிருந்து நிமிடம் நிமிடமாகத் திருடுவது எல்லாம் அதில் வருகிறது. 1977இல் டல்லாஸ் ஸ்மைத் என்ற கனடாக்காரர் ஒரு படி மேலே போய், தொலைக்காட்சி உற்பத்தி செய்கிற சரக்கு நிகழ்ச்சியல்ல, பார்வையாளன்தான் என்றார். விளம்பரதாரனுக்கு விற்கப்படுவது நம் கவனம். அப்படியானால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதும் வேலை. மூன்றாவது மணி நேரம் என்பது கூலியில்லா மிகைநேர வேலை.

'அணைச்சிட்டுப் போக வேண்டியதுதானே, யார் கட்டிப்போட்டா?' நியாயமான கேள்வி. ஆலைத் தொழிலாளிக்குப் பசி இருந்தது, எனக்கு என்ன இருக்கிறது? எனக்கு இருப்பது தொடர்கதை. ஒரு வாரம் விட்டால் யார் யாரைக் காட்டிக்கொடுத்தான் என்பது தெரியாமல் போகும். என் இருபது வருஷ ஞாபகம் அவர்களிடம் அடகில் இருக்கிறது. ரேமண்ட் வில்லியம்ஸ் மியாமியில் அமெரிக்கத் தொலைக்காட்சியைப் பார்த்துக் குழம்பி, படமும் விளம்பரமும் ஒன்றில் ஒன்று கரைவதை 'ஓட்டம்' என்று 1974இல் பெயரிட்டார். மல்யுத்த நிகழ்ச்சியில் அந்த ஓட்டம் உடம்புக்குள்ளேயே புகுந்துவிட்டது. கவனித்துப் பாருங்கள்: விளம்பர இடைவேளைக்குச் சற்று முன்னால் ஒருவன் கயிற்றுக்கு வெளியே தூக்கி எறியப்படுவான். நாம் சோப்பு விளம்பரம் பார்த்துத் திரும்பும்போது எதிராளி அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பான். பொழுது தள்ளும் பிடி. அரங்கில் சீட்டு வாங்கி உட்கார்ந்தவன் அந்த நிமிடங்களையும் பார்க்கிறான். விளம்பரத்தின் இன்மையை, காசு கொடுத்து.

நீளமே எதிரி என்று நான் சொல்லவில்லை. 1989 ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸில் ரிக் ஃப்ளேரும் ரிக்கி ஸ்டீம்போட்டும் ஆடிய மூன்று சுற்று ஆட்டம் ஐம்பத்தைந்து நிமிடம் போல ஓடியது. அதில் ஒரு நிமிடத்தைக்கூட எடுத்துவிட முடியாது. களைப்பு அங்கே ஆட்டக்காரனின் உடம்பில் சேர்ந்தது, நாம் அதை வாசித்தோம். நம்மூர்க் கூத்து விடிய விடிய நடக்கிறதே, அதில் இந்த அலுப்பு ஏன் இல்லை? பாய் விரித்துப் படுக்கலாம். நடுவில் ஒரு தூக்கம் போட்டு, துகிலுரியும் கட்டத்துக்கு எழுந்துகொள்ளலாம். டீ குடிக்கப் போகலாம். கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் தூக்கத்தில் எதுவும் தொலைவதில்லை. அந்த நீளத்துக்குள் பார்வையாளனுக்கு இடமிருக்கிறது. இங்கேயோ விழித்திருப்பதுதான் சரக்கு. தூங்கினால் சரக்கு கெட்டுவிடும்.

இதன் உச்சம் 2020இல் வந்தது. கொள்ளைநோயால் அரங்கம் காலியானபோது, ஆகஸ்டிலிருந்து 'தண்டர்டோம்' என்று ஒன்றை அமைத்தார்கள். சுற்றிலும் திரைகள், அவற்றில் வீட்டிலிருந்தபடி கேமரா முன் உட்கார்ந்த ரசிகர்களின் முகங்கள். பதிவு செய்துகொண்டு, விதிகளுக்கு உட்பட்டு, கூலி எதுவும் இல்லாமல் மணிக்கணக்கில் உற்சாகமாக இருக்க வேண்டும். ஸ்மைத் உவமையாகச் சொன்னதை இவர்கள் சுவராகவே கட்டிவிட்டார்கள்.

களைத்த கூட்டம் சும்மாவும் இருப்பதில்லை. 2017 ஆகஸ்டில் புரூக்ளினில் நடந்த சம்மர்ஸ்லாமில் ரசிகர்கள் காற்றடைத்த கடற்கரைப் பந்து ஒன்றைத் தட்டி விளையாட ஆரம்பித்தார்கள். ஆடிக்கொண்டிருந்த செஸாரோ தடுப்பைத் தாண்டிக் கூட்டத்துக்குள் ஓடி, அந்தப் பந்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். அடுத்த வருஷ ரெஸில்மேனியாவின் இறுதி ஆட்டத்தில், ரோமன் ரெய்ன்ஸின் நெற்றி கிழிந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருக்க, கூட்டம் மறுபடியும் பந்தோடு. இதைப் பார்வையாளனின் கலகம், பிரதியை அவன் மறு எழுத்தாக்கம் செய்கிறான் என்றெல்லாம் கொண்டாட எனக்கும் ஆசைதான். தொண்ணூறுகளில் நாம் எல்லாவற்றிலும் கலகம் கண்டோம். ஆனால் அந்தப் பந்து யார்மேல் விழுகிறது? நேரத்தை விற்றவன் திரைக்குப் பின்னால் இருக்கிறான். அவன் காதில் அது விழுவதேயில்லை. அவமானப்படுவது கழுத்து எலும்பைப் பணயம் வைத்துக்கொண்டிருக்கிற இன்னொரு உழைப்பாளி. அந்தக் கிழித்தலில் ஒரு கோபம் இருந்தது. அதை நகைச்சுவையாகவே எல்லோரும் பார்த்தோம்.

அந்த உழைப்பாளிகளுக்குச் சங்கம் கிடையாது. சட்டப்படி அவர்கள் ஊழியர்களே அல்ல, சுயேச்சை ஒப்பந்தக்காரர்கள். 1986இல் ஜெஸ்ஸி வென்சுரா சங்கம் பற்றிப் பேச்செடுத்தார். அதை முதலாளி வின்ஸ் மெக்மஹனிடம் போட்டுக்கொடுத்தவர் ஹல்க் ஹோகன் என்பது பிற்பாடு வழக்கொன்றின் சாட்சியத்தில் வெளிவந்தது. நம் சீட்டுக்கட்டின் கதாநாயகன்! 1999 மே 23, கான்ஸஸ் சிட்டி: அரங்கின் உச்சியிலிருந்து இறங்கும்போது ஓவன் ஹார்ட் விழுந்து செத்தார். நிகழ்ச்சி நிற்கவில்லை. மீதி ஆட்டங்கள் நடந்தன. விற்ற நேரம் நிரப்பப்பட்டது. என்னால் அதை மன்னிக்க முடிந்ததில்லை. தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்த என்னையும்.

இப்போது என்ன ஆயிற்று? ஏழு மணி நேரம் அதிகம் என்ற முணுமுணுப்புக்குப் பதில் 2020இலேயே வந்தது: ரெஸில்மேனியா இரண்டு இரவாகப் பிரிந்தது. குறையவில்லை, பிரிந்தது. கூட்டம் திரும்பிய பிறகு இரண்டு இரவுக்கும் இரண்டு சீட்டு. 2025 ஆகஸ்டில் சம்மர்ஸ்லாமும் அதே வழிக்கு வந்தது, அதே மெட்லைஃப் மைதானத்தில். 2025 ஜனவரியிலிருந்து 'ரா' நெட்ஃப்ளிக்ஸில். பத்து வருஷம், ஐந்நூறு கோடி டாலருக்கு மேல். அலைவரிசையின் மணிக்கட்டு இல்லாததால் நிகழ்ச்சி ஒரே நீளத்தில் நிற்பதில்லை. தாண்டித் தாண்டிப் பார்க்கிற வசதி நமக்கு. எதைத் தாண்டினோம் என்று குறித்துக்கொள்கிற வசதி அவர்களுக்கு. போன வாரம் ஒரு பெண்கள் ஆட்டத்தை நான் விரலால் தள்ளிவிட்டுப் போனேன். காலையில் வேலைக்கு நேரமாகிவிட்டது.

2019இன் அந்த இரவுக்குத் திரும்புகிறேன். பெக்கி லிஞ்ச் இரண்டு பட்டங்களையும் தூக்கிக் காட்டி, வாணவேடிக்கை முடிந்து, கூட்டம் வெளியே வந்தபோது மழை. மைதானத்து நிலையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ரயிலுக்காக மணிக்கணக்கில் நனைந்துகொண்டு நின்றார்கள். திங்கட்கிழமை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. அன்று ராத்திரி புரூக்ளினில் மூன்று மணி நேர 'ரா'.