ஒரே நாளில் கித்தார்

தலைப்பு பொய் சொல்கிறது என்று நன்றாகத் தெரிந்தும் ஒரு புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குகிறோமே, அந்த மனசை நான் பரிகாசம் செய்ய மாட்டேன். நானே அப்படி வாங்கியவன்தான். பெர்ட் வீடன் என்ற ஆங்கிலேயக் கித்தார் வித்வான் 1957-ல் வெளியிட்ட 'பிளே இன் எ டே' என்ற புத்தகத்தைச் சொல்கிறேன். ஒரே நாளில் வாசிக்கலாமாம். அட்டையைப் பார்த்துச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பணத்தை எடுத்துக் கொடுத்தேன். ஐம்பது வயசு தாண்டியவனுக்கு அவசரம் அதிகம்.

அந்தத் தலைப்பு எந்தச் சமயத்தில் வந்தது என்று தெரிந்தால் அதன் மேல் இருக்கும் கோபம் பாதி போய்விடும். 1956-ல் லானி டானகன் பாடிய 'ராக் ஐலண்ட் லைன்' என்ற இசைத்தட்டு இங்கிலாந்தைக் கலக்கிவிட்டது. தேயிலைப் பெட்டியில் கழியும் கயிறும் கட்டி ஒருவன் மீட்ட, துணி துவைக்கும் தகரப் பலகையை ஒருவன் தேய்க்க, ஒருவன் கையில் கித்தார். இவ்வளவுதான் கச்சேரி. ஸ்கிஃபில் என்று பெயர். ஊருக்கு ஊர் பையன்கள் மலிவுக் கித்தார்களை வாங்கிவிட்டார்கள். சொல்லிக் கொடுக்க ஆள்தான் இல்லை. வாத்தியார் இல்லாத அந்த வீடுகளுக்குள் போன புத்தகம் இது. பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. எரிக் கிளாப்டன், பிரயன் மே முதலியவர்கள் இதைப் புரட்டியவர்கள். பால் மக்கார்ட்னியும் ஜார்ஜ் ஹாரிசனும் டி, ஏ என்ற இரண்டு கார்டுகளை இதிலிருந்துதான் சேர்ந்து பழகிக்கொண்டார்களாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால் வீடன் தாம் ஒரே நாளில் கற்றவர் அல்ல. பன்னிரண்டு வயசில் லண்டன் பெட்டிகோட் லேன் சந்தையில் தகப்பனார் வாங்கிக் கொடுத்த பழைய கித்தாரை வைத்துக்கொண்டு, சாஸ்திரீயமான முறையில் பாடம் கேட்டவர். புத்தகம் எழுதும்போது அவருக்கு வயசு முப்பத்தேழு. இருபத்தைந்து வருஷத்து அப்பியாசத்தை ஒரு நாள் என்று சுருக்கிச் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். கொஞ்சம் பரோபகார புத்தியும் வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தப் பொய்யை நம்பித்தான் பையன்கள் முதல் மாசத்தைக் கடந்தார்கள்.

முதல் மாசம் என்ன என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நான் வாங்கியது எஃகுத் தந்திக் கித்தார். ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய எழுபது கிலோ இழுப்பில் நிற்கின்றன. இடது கை விரல் நுனிகளை அதன் மேல் வைத்து அமுக்கினால், மாலையில் காபி டம்ளரைத் தொட முடியவில்லை. வீணை வாசிக்கிற வீட்டில் பிறந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவர்களுக்கு விரல் காய்த்துப் போவது பெருமை. எனக்கு முதல் வாரம் வெறும் வலிதான். மெட்டுக்கு நடுவில் அமுக்கினால் தந்தி கரகரவென்று அழுதது. மெட்டை ஒட்டினாற்போல் பின்னால் வைத்தால் பாதி பலம் போதும் என்று பிறகுதான் தெரிந்தது. அதோடு எனக்கு விற்ற கடைக்காரர் தந்தி கழுத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்க்கவே இல்லை. பழுது பார்க்கிற ஒருவரிடம் கொண்டுபோய்க் குதிரையில் இருக்கிற எலும்புத் துண்டைக் கொஞ்சம் அராவிக்கொண்டு வந்த பிறகு வலி பாதியாகிவிட்டது. ஆரம்பக்காரன் தன் விரலைத்தான் குற்றம் சொல்லிக்கொள்கிறான். கருவியைக் குற்றம் சொல்ல அவனுக்குத் தைரியம் ஏது?

புதிதாகக் கித்தார் வாங்குகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் முதல் வருஷத்துக்குள் விட்டுவிடுகிறார்கள் என்று ஃபெண்டர் கம்பெனியின் தலைவராக இருந்தவர் ஒருவரே சொல்லியிருக்கிறார். விற்கிறவர் வாயால் வந்த கணக்கு என்பதால் நம்பலாம். வலியினால் விடுகிறார்கள் என்று பொதுவாக எல்லோரும் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வலி மூன்று வாரத்தில் போய்விடுகிறது. போகாத கஷ்டம் வேறே ஒன்று இருக்கிறது. அதைத்தான் இந்தப் புத்தகங்கள் சொல்லாமல் விடுகின்றன.

கார்டு என்றால் மூன்று நான்கு ஸ்வரங்கள் ஒரே சமயத்தில் ஒலிக்கிற கூட்டு. அதைப் புத்தகத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டுக் காட்டுவார்கள். நிற்கிற கோடுகள் தந்திகள், படுத்த கோடுகள் மெட்டுகள், புள்ளி வைத்த இடத்தில் விரல். மிகத் தெளிவான படம், குழந்தைகூடப் புரிந்துகொள்ளும். ஏ கார்டுக்கு ஒரு படம், பக்கத்தில் டி கார்டுக்கு ஒரு படம். ஏயை வைக்கிறேன், சரியாக ஒலிக்கிறது. டியை வைக்கிறேன், அதுவும் ஒலிக்கிறது. ஆனால் பாட்டு என்பது ஏயிலும் இல்லை, டியிலும் இல்லையே! ஏயிலிருந்து டிக்குப் போவதில் இருக்கிறது. அங்கே போவதற்குள் எனக்கு நாலு விநாடி ஆகிவிட்டது. பாட்டு அதற்குள் அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். விரல்கள் எல்லாம் தந்தியை விட்டு எழும்பி, ஆகாயத்தில் திகைத்து நின்று, ஒவ்வொன்றாக இறங்கும். இரண்டு படங்களுக்கும் நடுவே இருக்கிற வெள்ளைக் காகிதத்தில்தான் ஆரம்பக்காரன் முழுகிப் போகிறான்.

நாவல் எழுதுகிறவனுக்கு இது பழகிய கஷ்டம். இரண்டு காட்சிகளையும் நன்றாக எழுதிவிடலாம். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பிராணன் போய்விடும். அது இருக்கட்டும்.

மேல்வீட்டுப் பையன் ஒரு நாள் வந்தான். பதினாலு வயசு. நான் படும் பாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாமா, அந்த மோதிர விரலை ஏன் எடுக்கிறீங்க?" என்றான்.

ஏயில் மோதிர விரல் இரண்டாம் தந்தியில் இரண்டாம் மெட்டில் இருக்கிறது. டியிலும் அதே விரல் அதே தந்தியில்தான்; மூன்றாம் மெட்டில். தூக்க வேண்டிய அவசியமே இல்லை. தந்தியின் மேலேயே ஒரு மெட்டு வழுக்கிவிட்டால் அது போய் நின்றுகொள்கிறது; மற்ற இரண்டு விரல்களும் அதைப் பார்த்துத் தங்கள் இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்கின்றன. கூட்டத்தில் ஒருவன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றால் மற்றவர்கள் தொலையாமல் இருப்பது போல. பத்து நாள் முயன்றும் வராதது கால் மணியில் வந்துவிட்டது.

இதை அச்சில் சொல்ல முடியாதா? தாராளமாக முடியும். இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் ஒரு அம்புக்குறி போட்டால் போதும். என் கையில் அகப்பட்ட ஆரம்பப் புத்தகங்கள் பலவற்றில் நூற்றுக்கணக்கான கார்டுப் படங்கள் இருக்கின்றன. அம்புக்குறியைத்தான் தேட வேண்டியிருக்கிறது. எண்ணிக்கையைக் காட்டி வியாபாரம் செய்கிற புத்தி. டியும் ஏயும் தெரிந்த இரண்டு பையன்கள் என்ன செய்தார்கள் என்று உலகத்துக்குத் தெரியும். அவர்களுக்கு ஐந்நூறு கார்டு தேவைப்படவில்லை. ஒருவன் தடுமாறும்போது பார்த்துச் சொல்ல இன்னொருவன் பக்கத்தில் இருந்தான்.

இந்தக் குறையோடு நான் நூறு வருஷத்துக்கு மேல் பின்னால் போய்ப் பார்த்தேன். பெர்னாண்டோ சோர் 1778-ல் பார்ஸலோனாவில் பிறந்தவர். நெப்போலியன் காலத்து அரசியலில் சிக்கி ஸ்பெயினை விட்டுப் போனவர். பாரிஸில் 1830-ல் கித்தார் கற்கும் முறையைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அதை ஆரம்பக்காரன் எடுத்தால் தலை சுற்றும். எடுத்தவுடன் பாடம் கிடையாது, வாதம்தான். கையை ஏன் இப்படி வைக்க வேண்டும், கருவியை மேஜை விளிம்பில் ஏன் சாய்த்துக்கொள்ள வேண்டும், எல்லாவற்றுக்கும் காரணம், அதற்குப் படம். நகத்தால் மீட்டுவது அவருக்குப் பிடிக்காது; ஆனால் அருமை நண்பர் அகுவாடோ நகத்தால் மீட்டுகிறவர். அவருக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்துவிட்டு மேலே போகிறார். இந்த மாதிரி மனிதரோடு பேசிக்கொண்டிருக்கலாம். இவரிடம் பாடம் கேட்பது கஷ்டம்.

ஆனாலும் நான் தேடியது அவரிடம்தான் இருந்தது. சோர் கார்டுகளை அடுக்கிக் கொடுக்கவில்லை. இரண்டு குரல்கள் மூன்றாம் ஸ்வர இடைவெளியிலும் ஆறாம் ஸ்வர இடைவெளியிலும் கழுத்தின் மேல் எப்படி ஏறி இறங்குகின்றன என்பதைப் பக்கம் பக்கமாகச் சொல்கிறார். அதைத் தெரிந்துகொண்டால் கித்தாரே தெரிந்த மாதிரி என்பது அவர் கட்சி. அவர் காட்டுவது நடை. வீடன் வகைப் புத்தகங்கள் காட்டுவது நிற்கிற கோலம்.

அப்படியானால் சோர்தான் நல்ல ஆசிரியர் என்று தீர்ப்புச் சொல்லிவிடலாமா? எனக்கு மனசு வரவில்லை. அவருக்கு ஆரம்பக்காரர்களிடம் பொறுமை குறைவு. சுலபமாக எழுதிக் கொடு என்று பாரிஸில் எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள் போலிருக்கிறது. அவர் கடைசிக் காலத்தில் போட்ட சின்ன உருப்படிகளின் தலைப்புகளைப் பாருங்கள். ஒன்றுக்கு 'என் தொல்லைகள்' என்று பெயர். இன்னொன்றுக்கு 'இதுதானா பார்ப்போம்' என்று பெயர். மேதாவி முணுமுணுக்கிறது அட்டையிலேயே கேட்கிறது. வீடன் அட்டையில் பொய் சொன்னார். சோர் அட்டையில் சிடுசிடுத்தார். லிவர்பூல் பையன் எதை வாங்குவான்? சோரின் புத்தகம் மட்டும் இருந்திருந்தால் அந்தத் தேசத்துப் பையன்கள் தேயிலைப் பெட்டியோடு நின்றிருப்பார்கள். கிளாப்டன் சொன்னதாகச் சொல்வதும் இதுதான்: புத்தகம் கொடுத்த உற்சாகம் இல்லாவிட்டால் தொடர்ந்திருக்க மாட்டேன் என்று. அவர் நன்றி சொல்வது உற்சாகத்துக்கு. ஒரே நாளில் வாசித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை.

சோருக்கும் கடைசியில் மனம் இளகியிருக்கிறது. இறப்பதற்கு இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால், அறுபதாம் எண்ணிட்ட உருப்படியாக, ஆரம்பக்காரர்களுக்கென்று இருபத்தைந்து பாடங்கள் எழுதினார். முதல் பாடத்தில் கார்டே கிடையாது. ஒரு ஸ்வரத்துக்குப் பின் ஒரு ஸ்வரம். நம் சரளி வரிசையைப் போல. ஆனால் சரளி வரிசையைப் பாட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இது பாட்டாகவே இருக்கிறது. போகப் போக இரண்டாவது குரல் மெள்ள வந்து சேர்ந்துகொள்கிறது. விரலை எப்போது எடுக்க வேண்டும், எப்போது வைத்திருக்க வேண்டும் என்பதைச் சங்கீதமே சொல்லிவிடுகிறது. ஒரு ஸ்வரம் ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டுமானால் விரலை எடுக்க முடியாதல்லவா?

நான் காலையில் சோரை வைத்துக்கொள்கிறேன், சாயங்காலம் வீடனை. முதல் பாடத்தைத் தப்பில்லாமல் வாசிக்கிறேன். மேல்வீட்டுப் பையனுக்கு வாசித்துக் காட்டினேன். "இவ்வளவுதானா, மாமா?" என்றான். பிறகு கித்தாரை வாங்கி அவனும் வாசித்துப் பார்த்தான்; நடுவில் இரண்டு இடத்தில் தடுக்கியது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான். எஃப் கார்டு எனக்கு இன்னும் வரவில்லை. ஆள்காட்டி விரல் ஒன்றே ஆறு தந்திகளையும் ஒருசேரப் படுத்து அமுக்க வேண்டும். என் விரல் நடுவில் வளைந்து கொடுத்து இரண்டு தந்தியை ஊமையாக்கிவிடுகிறது. அவனுக்கு ஏதாவது வழி தெரிந்திருக்கும். பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்கிறேன்.