தோட்டத்து அருவியைப் பார்க்கும் முறை

குற்றாலத்தில் தலை நனைத்துத் திரும்பியவர்களிடம், ஜப்பானியர் தம் தோட்டத்துக் குளக்கரையில் கல்லடுக்கி அமைக்கும் ஆளுயர அருவியைப் பற்றிச் சொல்லப் புகுந்தால், ‘மனிதன் கட்டிய அருவியில் பார்க்க என்ன இருக்கிறது?’ என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மனிதன் கட்டிய கோபுரத்தை அண்ணாந்து பார்த்து மெய்சிலிர்க்கும் நம்மவர், அருவிக்கு மட்டும் ஏன் இந்த நியாயத்தை மறுக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆரம்ப விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் நிற்பது நீர் விழும் கல். இருபுறமும் அதை அணைத்து நிற்பவை துணைக்கற்கள். பின்னால் இடுக்குகளில் களிமண்ணை இறுக அடைக்காவிட்டால் நீர் முன்னே வராமல் மண்ணுக்குள் போய்விடும். கற்களின் அடி ஆழப் புதைந்திருக்க வேண்டும். இவ்வளவு போதும்.

ஹெயன் காலத்தில், பதினோராம் நூற்றாண்டில் எழுந்த ‘சகுதெய்கி’ என்னும் தோட்டக்கலை நூல், துணியாக விழுவது, இழையாக விழுவது என்று நீர் விழும் விதங்களைப் பலவாக வகுக்கிறது. அவற்றுள் என் சிரத்தையெல்லாம் இரண்டின்மேல்தான்: கல்லைப் பற்றி வழியும் ‘த்சுதாய்-ஓச்சி’, கல்லை விட்டு விலகி வீழும் ‘ஹனாரே-ஓச்சி’. மேல்விளிம்பு கூர்மையாக வெட்டுப்பட்டிருந்து, நீரும் மேலே தேங்காமல் வேகத்தோடு வந்தால், அது கல்லை உதறிவிட்டு அந்தரத்தில் பாயும். விளிம்பு உருண்டு, நீரும் நிதானமாக வந்தால், கல்லின் மடிப்புகளையெல்லாம் தொட்டுத் தொட்டு இறங்கும். பாய்கிற நீர் எவரையும் கைதட்ட வைக்கும். வழிகிற நீரோ, ஓரிடத்தில் கண்ணாடியாய் மெலிந்து, ஓரிடத்தில் திரண்டு, கல்லின் சுபாவம் முழுவதையும் வெளியே சொல்லிவிடும். கல் தேர்ந்தவனின் ஞானமும் அஞ்ஞானமும் அதில் ஒளியாது. உங்களிடம் அந்தரங்கமாக ஒன்று சொல்கிறேன்: பெருமழைக்குப் பிறகு பாருங்கள், நேற்றுவரை பற்றி வழிந்த அதே அருவி, நீர் பெருகியதும் கல்லை விட்டுத் துள்ளும், அந்தப் பரிணாமத்தைக் கண்டவர் பிறகு எந்த அருவியையும் அலட்சியமாகக் கடக்க மாட்டார்.

கியோத்தோவின் கின்ககுஜி ஆலயத்து அருவியின் அடியில், நீரேறி டிராகனாக மாறும் கெண்டைமீனைக் குறிக்கும் கல் ஒன்று உண்டு. விமரிசகர்கள் அந்த ஐதீகத்தைப் பக்கம் பக்கமாக விரித்துவிட்டு, நீர் விழும் விளிம்பைப் பற்றி ஒரு வாக்கியமும் எழுதாமல் எழுந்துவிடுகிறார்கள். அது ரசனையன்று, கதாகாலட்சேபம். இன்னொரு புறம், ஃபைபர் பாறைமேல் வர்ண விளக்கேற்றும் இக்கால நாகரிகம். எங்கும் ஒரே கனத்தில் நீரைக் கொட்டும் அதற்கு அருவி என்ற பெயரே தகாது. 1890-களில் பிவா ஏரிக் கால்வாயின் நீரைக் கொண்டு ஒகாவா ஜிஹெய் சமைத்த முரின்-அன் தோட்டத்து மூவடுக்கு அருவி எவ்வளவு அடக்கமானது! அதன் முன் அரைமணி நேரம் நின்றால், நான் எழுதியது அனைத்தும் அநாவசியமாகிவிடும்.

வீட்டிலேயே ஒன்று கட்ட விரும்பும் அன்பர்களே, பம்பின் குதிரைசக்தியை விசாரிக்கும் முன், வாங்கப்போகும் கல்லின் மேல்விளிம்பில் ஒரு செம்பு நீரை மெல்ல ஊற்றிப் பாருங்கள்.