உரிமம் வாங்குகிறவரின் கலை

தொலைக்காட்சியைப் பற்றிய நம் விமர்சனங்களில் நடிகர் வருவார், இயக்குநர் வருவார், எழுத்தாளர் எப்போதாவது வருவார். ஒரு நாட்டில் ஓடிய நிகழ்ச்சியின் உரிமையை வாங்கி இன்னொரு நாட்டில் அதைப் புதிதாக எடுக்கவைப்பவர் வருவதே இல்லை. அவரைத் தரகர் என்று ஒதுக்கிவிடுகிறோம். எதை வாங்குவது, வாங்கியதில் எதை வைத்துக்கொண்டு எதை விடுவது என்று தீர்மானிப்பது படைப்புச் செயல்தான் என்பது என் கருத்து. அமெரிக்கத் தயாரிப்பாளர் பென் சில்வர்மேனின் வெற்றி தோல்விகள் இரண்டுமே அதற்குச் சான்று.

இந்தச் சந்தையில் விற்பனையாவது என்ன? பிரான்ஸின் கான் நகரில் ஆண்டுதோறும் அக்டோபரில் மிப்காம் சந்தை கூடுகிறது. அங்கே முக்கியமாக இரண்டு வகை உரிமைகள் கைமாறுகின்றன. எடுத்து முடித்த நிகழ்ச்சியை அப்படியே ஒளிபரப்புவது ஒன்று. நாம் பார்க்கும் டப்பிங் தொடர்கள் இந்த வகை. நிகழ்ச்சியின் அமைப்பை மட்டும் வாங்கி உள்ளூர் முகங்களோடு எடுப்பது மற்றொன்று. தொழிலில் இதற்கு ஃபார்மெட் என்று பெயர். கேம் ஷோ, ரியாலிட்டி ஷோ போன்றவற்றின் ஃபார்மெட்டை வாங்குபவருக்கு ‘பைபிள்’ எனப்படும் கையேடு கிடைக்கும். அரங்க அமைப்பு, விளக்கு, இசை, போட்டியாளர் தேர்வு, செலவுக் கணக்கு, முன்பு எடுத்தவர்கள் பட்ட அனுபவம் எல்லாம் அதில் இருக்கும். மூல நிறுவனத்தின் ஆலோசகர் ஒருவரும் வந்து பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பார்.

சட்டம் இதற்குத் தரும் பாதுகாப்பு குறைவு. ஹ்யூயி கிரீன் பிரிட்டனில் நடத்திய ‘ஆப்பர்ச்சுனிட்டி நாக்ஸ்’ என்ற திறமைப் போட்டியை நியூசிலாந்து ஒளிபரப்பு நிறுவனம் அதே பெயரில், அதே அறிவிப்பு வாசகங்களோடு எடுத்தது. கிரீன் வழக்குப் போட்டார். 1989இல் பிரிவி கவுன்சில் அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. நிகழ்ச்சியின் பொதுவான அமைப்புக்குக் காப்புரிமை கோரமுடியாது என்பது தீர்ப்பின் சாரம். அப்படியிருந்தும் நிறுவனங்கள் பணம் கொடுத்து உரிமம் வாங்குகின்றன. யோசனையை யாரும் எடுத்துக்கொள்ளலாம். அதை ஓடவைத்த அனுபவத்தை, ஓடவைத்தவரிடம்தான் பெறமுடியும்.

சில்வர்மேன் வில்லியம் மோரிஸ் ஏஜென்சியின் லண்டன் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஐரோப்பிய நிகழ்ச்சிகளை அமெரிக்கச் சேனல்களிடம் கொண்டுசேர்ப்பது அவர் பொறுப்பு. 1998இல் பிரிட்டனின் ஐ.டி.வி.யில் தொடங்கிய ‘ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்’ மறு ஆண்டே அமெரிக்காவின் ஏ.பி.சி.க்குப் போனதில் அவருக்கும் பங்குண்டு. 2000இல் அமிதாப் பச்சன் நடத்திய ‘கோன் பனேகா கரோர்பதி’யும், 2012இல் விஜய் டி.வி.யில் சூர்யா நடத்திய ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’யும் அதே நிகழ்ச்சியின் கிளைகள்தான்.

2002இல் அவர் ரெவேய் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே ஒரு பலத்த அடி. பி.பி.சி.யின் ‘கப்ளிங்’ நகைச்சுவைத் தொடரை என்.பி.சி.க்காக எடுத்தபோது, பிரிட்டிஷ் வசனங்களையே பெரும்பாலும் பயன்படுத்தினார்கள். நான்கு பகுதிகளோடு தொடர் நின்றுபோனது.

சில்வர்மேன் ‘தி ஆஃபிஸ்’ தொடரை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது இதற்குப் பிறகு. ரிக்கி ஜெர்வெய்ஸும் ஸ்டீஃபன் மெர்ச்சன்ட்டும் 2001இல் பி.பி.சி.க்காக உருவாக்கிய தொடர் அது. அமெரிக்க வடிவத்தை எழுதும் பொறுப்பு கிரெக் டேனியல்ஸுக்குப் போனது. 2005 மார்ச்சில் வெளியான முதல் பகுதியைப் பிரிட்டிஷ் மூலத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காட்சிக்குக் காட்சி ஒத்துப்போகும். சக ஊழியரின் ஸ்டேப்ளரை ஜெல்லிக்குள் புதைத்துவைக்கும் குறும்பு இரண்டிலும் உண்டு. வரவேற்பாளரை வேலையைவிட்டு நீக்கியதாக மேலாளர் பொய் சொல்லி அழவைப்பது இரண்டிலும் உண்டு. அமெரிக்க ரசிகர்களுக்கு அது பெரிதாகப் பிடிக்கவில்லை. முதல் பருவம் ஆறு பகுதிகளோடு முடிந்தது.

இரண்டாம் பருவத்தில் டேனியல்ஸ் குழு துணிந்து விலகியது. ஸ்டீவ் கேரல் நடித்த மேலாளர் மைக்கேல் ஸ்காட்டின் அசட்டுத்தனத்தை விட்டுவைத்தார்கள். அவருக்குள் ஒரு நல்ல மனதையும், எல்லோரும் தன்னை நேசிக்கவேண்டும் என்ற ஏக்கத்தையும் சேர்த்தார்கள். கதை நடக்கும் காகிதக் கம்பெனி, கேமராவைப் பார்த்து ஊழியர்கள் பேசும் ஆவணப்பட பாணி இரண்டும் அப்படியே நின்றன. இரண்டு பருவங்களிலும் இரண்டு கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதிகளிலும் முடிந்த பிரிட்டிஷ் கதை, அமெரிக்காவில் 2013 வரை 201 பகுதிகள் ஓடியது.

இதே பாடம் ‘பெட்டி’ தொடரில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஃபெர்னாண்டோ கைத்தான் 1999இல் கொலம்பியாவின் ஆர்.சி.என். சேனலுக்கு எழுதிய அந்தத் தொடரில், அழகில்லாதவள் என்று பிறர் ஒதுக்கும் புத்திசாலிப் பெண் ஆடை வடிவமைப்பு நிறுவனத்தில் செயலாளராகச் சேர்கிறாள். அதன் இந்தி வடிவமாக சோனி சேனலில் 2003இல் ‘ஜஸ்ஸி ஜெய்ஸி கோயி நஹின்’ வந்தது. ஏ.பி.சி.யில் 2006இல் ‘அக்லி பெட்டி’யாக வந்தபோது சல்மா ஹாயெக்கும் சில்வர்மேனும் தயாரிப்பாளர்களில் இருந்தார்கள், எழுதியவர் சில்வியோ ஹோர்ட்டா. அவர் பெட்டியை நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்தில் வைத்தார். அவள் அப்பா குடியேற்ற ஆவணம் இல்லாதவர். அவமானத்தை விழுங்கிக்கொண்டு வேலைக்குப் போகும் பெண் எல்லா நாட்டிலும் ஒருத்திதான். அந்த அவமானம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் ஒவ்வொரு ஊரும் தன் வாழ்விலிருந்து எழுதிக்கொள்ளவேண்டியிருக்கிறது.

2007இல் என்.பி.சி.யின் பொழுதுபோக்குப் பிரிவுக்கு இணைத் தலைவரான சில்வர்மேன், சேனலைத் தூக்கி நிறுத்தமுடியாமல் 2009இல் வெளியேறினார். ஒரு தொடருக்குத் தகுந்த எழுத்தாளரைக் கண்டுபிடிக்கும் திறமையும் ஒரு சேனலை நடத்தும் திறமையும் வேறுவேறு. திரும்பவும் தயாரிப்புக்கு வந்த அவர், வெனிசுவேலா தொடர் ஒன்றிலிருந்து 2014இல் உருவான ‘ஜேன் தி வர்ஜின்’ தயாரிப்பில் பங்கேற்றார்.

இந்தத் தொழிலின் கறாரான பக்கம் கணக்குப் புத்தகம். ‘மில்லியனர்’ லாபத்தில் தனக்குரிய பங்கு வரவில்லை என்று மூல நிறுவனமான செலடார், ஏ.பி.சி.யின் உரிமையாளரான டிஸ்னிமீது வழக்குத் தொடுத்தது. 2010இல் கலிஃபோர்னியா ஜூரி சுமார் 27 கோடி டாலர் தரச் சொன்னது. உரிமம் கொடுப்பவர் கையெழுத்தோடு நின்றுவிடாமல் கணக்கையும் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

நமக்கும் இதில் பங்கிருக்கிறது. தமிழ்த் தொலைக்காட்சி வாங்குவது மட்டுமல்ல, கொடுக்கவும் செய்கிறது. சன் டி.வி.யின் ‘திருமதி செல்வம்’ இந்தியில் ‘பவித்ர ரிஷ்தா’ ஆனது, விஜய் டி.வி.யின் ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ இந்தியில் ‘பாண்ட்யா ஸ்டோர்’ ஆனது. கூட்டுக் குடும்பத்தின் மளிகைக்கடையை நம்மவர்கள் எழுதினார்கள். குஜராத் குடும்பம் ஒன்று அதில் குடியேறியது. அந்தக் கதையை முதலில் யோசித்தவரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

படைத்தவரிடம் உரிமை தங்குமா என்ற இந்தச் சிக்கலைப் பிரிட்டன் 2003ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டத்தின் வழியே கையாண்டது. சேனலுக்காக நிகழ்ச்சி எடுக்கும் சுயேச்சைத் தயாரிப்பாளர்கள், ஒளிபரப்பு உரிமை போக மற்ற உரிமைகளைத் தங்களிடமே வைத்துக்கொள்ள அதன்பின் வழி பிறந்தது. அந்நாடு ஃபார்மெட் ஏற்றுமதியில் முன்னணியில் நிற்க அது ஒரு முக்கியக் காரணம். இங்கே சேனல் பணம் போட்டால் உரிமை முழுவதும் சேனலுக்கு என்பதே பெருவழக்கு. மறு ஆக்க உரிமை யாருக்கு, வேறு மொழிக்குப் போனால் பங்கு எவ்வளவு, யார் பெயர் திரையில் வரும் என்ற மூன்று கேள்விகளையும் நம் கதாசிரியர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்கவேண்டும். கதை விற்ற பிறகு கேட்டால் பதில் சொல்ல யாருக்கும் கடமை இல்லை.