அந்நியனின் நோய்: ‘எரியும் பனிக்காடு’ நாவலை முன்வைத்து

ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘ரெட் டீ’ என்னும் நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 2007-இல் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழுக்கு வந்தது. மேஸ்திரியிடம் முன்பணம் பெற்றுத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறிய கருப்பன், வள்ளி என்னும் தம்பதியரின் கதை இது.

பிழைக்க வந்தவர் நோயுற்றால் அவருடைய பழக்கவழக்கங்களையோ மலைக்காற்றையோ குறைகூறுவது எளிது. டேனியல் அவ்வாறு செய்யவில்லை. மலேரியா கொசுவால் வருகிறது. ஆயின் நோயாளி ஊர் திரும்ப இயலாதது கடனால். இழிவான குடியிருப்பும், தகுதியற்ற சிகிச்சையும், தீராத முன்பணக் கணக்கும் கூடியே சாவை விளைவிக்கின்றன என்பதைச் சம்பவங்களாலேயே அவர் நிறுவுகிறார். நூலின் மேன்மை இதுவே.

குறையும் உண்டு. மருத்துவர் ஆபிரகாம் வந்தபின் நம்பிக்கையின் பாரம் பெரும்பாலும் அவர்மேல் சாய்கிறது. தொழிலாளர் இரக்கத்திற்குரியவராய் நிற்கின்றனரேயன்றித் தம் நலத்தைத் தாமே விசாரிப்பவராய் எழுவது அரிதாகிறது.

இக்குறை நம்முடையதுமாகும். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில், கிரேக்கமொழி பேசிய யூதரின் விதவைகள் அன்றாட விசாரிப்பில் விடப்பட்டபோது, எருசலேம் சபை உபகாரம் அளித்ததோடு நின்றுவிடவில்லை. பந்தி விசாரிப்பையே எழுவரிடம் ஒப்புவித்தது. எழுவருடைய பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். ஒருவர் யூத மார்க்கத்தமைந்த அந்தியோகியர். குறையுற்றோர் பக்கத்தாரிடமே பொறுப்பு சென்றது.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரச் சபைகளுக்கு இது தூரத்துச் செய்தியன்று. விழுப்புரம் மாவட்டக் கடற்கரையோரம் கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் உள்ளது. வடமாநிலத்தாரும் இங்கே உழைக்க வருகின்றனர். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் முகாம்வாழ் மக்களுக்கும், ஆறு மாதத்திற்குமேல் தமிழகத்தில் தங்கிய வெளிமாநிலத் தொழிலாளருக்கும் இடமளிக்கிறது. ஆனால் தங்கியமைக்குச் சான்று வேண்டும். உள்ளூரானுக்கு இருப்பிடச் சான்றாகக் குடும்ப அட்டை உண்டு. வேலைதோறும் இடம்மாறுகிறவனுக்குச் சான்று பகர்பவர் யார்? அன்று கடன் செய்ததை இன்று காகிதம் செய்துவிடக் கூடாதன்றோ?

தென்னார்க்காட்டில் திருக்கோவிலூர் மருத்துவமனையை நிறுவிய மிஷன் பாரம்பரியத்தின் வாரிசுகள் நாம். கிறிஸ்து பிறப்பு நாளில் போர்வை வழங்குவது நன்று. சான்றுக்காக அலுவலகம்வரை உடன் செல்வது அதனினும் நன்று. ஆயினும் நம் சபையின் மருத்துவ விசாரிப்புக் குழுவில் முகாமைச் சார்ந்த ஒருவருக்கு இருக்கை அளிப்போமா என்பதே, இந்நாவலை மூடிவைத்தபின் போதகர் தம்மையே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி.